சென்னையிலிருந்து டொராண்டோ: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிடுவது எப்படி?

சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தேடினால் இரண்டு எண்கள் வரும். தூரம் சுமார் 13,390 கிலோமீட்டர். நேரம் சுமார் பதினைந்தரை மணி. முதல் எண் சரியானது. இரண்டாவது எண்ணை நம்பிப் பயணத்தைத் திட்டமிடுவது ஆபத்து. அந்த இரு நகரங்களுக்கும் இடையே நேரடி விமானம் இல்லை. பதினைந்தரை மணி நேரத்தில் யாரும் போய்ச் சேர்வதும் இல்லை. உண்மையான பயணம் ஒரு முழு நாளை விழுங்கிவிடும்.

தூரம், பறக்கும் நேரம், மொத்தப் பயண நேரம் ஆகிய மூன்றும் வெவ்வேறு கணக்குகள். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இணைப்பு விமானத்தைத் தவறவிடுவது, அழைத்துப்போக வருபவர் தவறான நாளில் விமான நிலையத்தில் காத்திருப்பது போன்ற அவதிகள் வருகின்றன. பிள்ளைகளைப் பார்க்க முதன்முறையாகக் கடல் கடக்கும் பெற்றோருக்கு இந்த அவதி இன்னும் பெரிது. கால்குலேட்டரும் ஒரு தாளும் இருந்தால், எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இந்தக் கணக்கை அரை மணி நேரத்தில் போட்டுவிடலாம். சென்னை–டொராண்டோவை எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ஊரை அல்ல, விமான நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. சென்னைக்கு எம்.ஏ.ஏ.; மெட்ராஸ் என்ற பழைய பெயரின் மிச்சம். டொராண்டோவின் பியர்சன் நிலையத்துக்கு ஒய்.ஒய்.இசட். கனடாவின் பெரிய நிலையங்களின் குறியீடுகள் ஒய் என்ற எழுத்தில்தான் தொடங்கும். அதே டொராண்டோவில் ஏரிக்கரையில் பில்லி பிஷப் என்ற சிறிய நிலையமும் இருக்கிறது. அதன் குறியீடு ஒய்.டி.இசட். தேடும்போது வெறும் ஊர்ப் பெயரைத் தட்டினால் எது வரும் என்று சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய பொறி லண்டன். இங்கிலாந்தின் லண்டனில் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி என்று பல நிலையங்கள். அது போதாதென்று, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலேயே லண்டன் என்ற ஊரும் அதற்கொரு விமான நிலையமும் இருக்கின்றன. தூரம் காட்டும் கருவி ஒன்றில் டொராண்டோ–லண்டன் என்று தட்டி, சில நூறு கிலோமீட்டர்கூட வரவில்லையே என்று திகைத்தால், அது இந்த லண்டனாகத்தான் இருக்கும். ஹைதராபாத்துக்கும் இதே கதை. இந்தியாவில் ஒன்று, பாகிஸ்தானில் ஒன்று. ஆகவே குறியீட்டைக் கொண்டே தேடுங்கள். உங்கள் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் பெரிய எழுத்தில் அந்த மூன்றெழுத்துதான் இருக்கப்போகிறது; இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

படி 2: தூரத்தைக் கணக்கிடுங்கள்

உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டி, சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தால், அது அரபிக்கடலைக் கடந்து, ஜெத்தா அருகே செங்கடலைத் தாண்டி, சஹாராவின் குறுக்கே போய், மொராக்கோ வழியாக அட்லாண்டிக்கில் இறங்கும். நாம் வழக்கமாகப் பார்க்கும் மெர்கேட்டர் வரைபடத்தில் இதுதான் நேர்க்கோடு. இந்தக் கோட்டின் உண்மையான நீளம் ஏறத்தாழ 15,700 கிலோமீட்டர். ஆனால் குறுக்குவழியின் நீளம் 13,390 தான். வித்தியாசம் 2,300 கிலோமீட்டருக்கு மேல்.

உருண்டையான பூமியில் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை டொராண்டோவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் மேற்கே போகாமல் வடக்கே ஏறுவதைப் பார்ப்பீர்கள்.

கணக்காகப் போட விரும்புபவர்களுக்கு: சென்னை நிலையம் 12.99 பாகை வட அட்சரேகையிலும் 80.17 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. டொராண்டோ பியர்சன் 43.68 வடக்கு, 79.62 மேற்கு. ஒன்று கிழக்கு, மற்றொன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 159.79 பாகை. இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் கழிக்க வேண்டும். கூட்டி வருவது 180-ஐத் தாண்டினால் அதை 360-லிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

இனிச் சூத்திரம். இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.6906 = 0.1552. அடுத்து இரண்டு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள்: 0.9744 × 0.7232 × (−0.9384) = −0.6613. இரண்டையும் கூட்டினால் −0.5061. எந்தக் கோணத்தின் கொசைன் இந்த எண்ணோ, அதுதான் பூமியின் மையத்திலிருந்து பார்க்கும்போது இரு ஊர்களுக்கும் இடையிலுள்ள கோணம்: 120.4 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 13,390-ஐ ஒட்டி வந்து நிற்கும். கைப்பேசியிலுள்ள கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பினால் சைன், கொசைன் பொத்தான்கள் கிடைக்கும். அது ரேடியன் என்ற வேறு கோண அலகில் இல்லாமல் பாகையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூமி சரியான உருண்டை அல்ல. நடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. அதனால் இந்த எளிய கணக்கில் அரை விழுக்காடு வரை பிழை வரலாம். பயணிக்கு அது பொருட்டல்ல. ஒரு கருவி 13,390 என்றும் இன்னொன்று சற்றுக் கூட்டியோ குறைத்தோ காட்டினால் கவலைப்பட வேண்டாம். எண்கள் பெரிதாக வேறுபட்டால் அலகைப் பாருங்கள். 13,390 கிலோமீட்டர் என்பது 8,320 மைல். கடல் மைலில் 7,230. விமானிகள் கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

படி 3: அந்தக் கோடு யார் தலைக்கு மேல் போகிறது என்று பாருங்கள்

பெரும்பாலோர் தவிர்த்துவிடும் படி இது. எனக்கோ இதுதான் முதன்மையானது.

சென்னையிலிருந்து பெருவட்டப் பாதை கிட்டத்தட்ட வடக்கு நோக்கி, சற்றே மேற்கில் சாய்ந்து கிளம்புகிறது. ராஜஸ்தானின் கிழக்குப் பகுதியைக் கடந்து, பாகிஸ்தானின் வடக்கு மலைகள், ஆப்கானிஸ்தானின் வடகிழக்கு, தஜிகிஸ்தான் வழியாகக் கஜகஸ்தானைக் கடந்து ரஷ்யாவுக்குள் நுழைகிறது. யூரல் மலைகளை ஒட்டி ஏறி, கோலா தீபகற்பத்தையும் நார்வேயின் வட முனையையும் தாண்டி, கிரீன்லாந்துக் கடலில் 73 பாகைக்கும் மேலே உச்சத்தைத் தொடுகிறது. பிறகு கிரீன்லாந்தின் பனிப்பாளத்தைக் குறுக்கே கடந்து கியூபெக் வழியாக டொராண்டோவுக்கு இறங்குகிறது. வெப்பமண்டலத்து ஊரிலிருந்து கிளம்பி மித வெப்பமான இன்னோர் ஊருக்குப் போகும் வழியில் ஆர்க்டிக் வட்டம் குறுக்கிடுகிறது என்பதே பலருக்குச் செய்தியாக இருக்கும்.

இந்தப் பட்டியலில் உள்ள வான்வெளிகள் எல்லாம் எல்லா நாட்டு விமானங்களுக்கும் திறந்திருப்பதில்லை. 2019 பிப்ரவரி முதல் ஜூலை வரை பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் மீண்டும் இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, வட அமெரிக்கா செல்லும் இந்திய விமானங்கள் சில ஐரோப்பாவில் எரிபொருளுக்காக இறங்கிச் செல்ல நேர்ந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் விமானங்களுக்கு ரஷ்யா தன் வானை மூடிக்கொண்டது. அதன் விளைவை அறிய ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்லும் விமானத்தைப் பாருங்கள்: முன்பு ஒன்பதரை மணி அளவில் முடிந்த பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாக நீண்டது. இரு ஊர்களும் நகரவில்லை, பெருவட்டத் தூரமும் மாறவில்லை. பாதை மட்டும் மாறியது.

ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையது? குறுகிய பாதையில் உள்ள எந்த வான்வெளி அதற்கு மூடப்பட்டிருக்கிறது? ஒரே இரு ஊர்களுக்கு இடையே ஒரு நிறுவனத்தின் விமானம் மற்றொன்றைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் பல நேரங்களில் இங்கேதான் இருக்கிறது.

வான்வெளித் தடை இல்லாவிட்டாலும் விமானங்கள் குறுகிய கோட்டிலேயே போகும் என்று சொல்ல முடியாது. சிங்கப்பூருக்கும் நியூயார்க் கென்னடி நிலையத்துக்கும் இடையே 15,340 கிலோமீட்டர். அதன் பெருவட்டப் பாதை கிட்டத்தட்ட வடதுருவத்தின் மேலேயே போகிறது. ஆனால் அந்த நேரடி விமானங்கள் பசிபிக் வழியாகவோ அட்லாண்டிக் வழியாகவோ, அன்றைய காற்று எப்படி உதவுகிறதோ அப்படிச் செல்கின்றன. 15,000 கிலோமீட்டரை இறங்காமல் கடக்கும் விமானங்கள் இருக்கையில், 13,390 கிலோமீட்டர் கொண்ட சென்னை–டொராண்டோவுக்கு நேரடி சேவை இல்லாததற்குத் தூரம் காரணமல்ல. தினமும் இருக்கைகள் நிரம்புமா என்ற வணிகக் கணக்குதான் அதை முடிவு செய்கிறது.

படி 4: பயணத்தைத் துண்டுகளாக உடையுங்கள்

நேரடி விமானம் இல்லாதபோது, ஒவ்வொரு துண்டின் தூரத்தையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

லண்டன் ஹீத்ரோ வழியாகப் போனால் சென்னை–லண்டன் சுமார் 8,230 கிலோமீட்டர், லண்டன்–டொராண்டோ சுமார் 5,710, ஆக 13,940. துபாய் வழியாகப் போனால் 2,930, அதன்பின் 11,080, ஆக 14,010. டெல்லி வழியாகப் போனால் 1,760, அதன்பின் 11,640, ஆக 13,400.

டெல்லி எண்ணைக் கவனியுங்கள். பெருவட்டப் பாதை டெல்லிக்கு அருகிலேயே போவதால், அங்கே இறங்கி ஏறினாலும் சுற்று வெறும் 10 கிலோமீட்டர்தான். லண்டன், துபாய் வழிகளின் சுற்றும் நான்கைந்து விழுக்காட்டைத் தாண்டவில்லை. எனவே எந்த ஊர் வழியாகப் போவது என்பதைத் தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். டெல்லி வழியில் குறுகிய தூரத்தின் லாபத்தை வேறு விஷயங்கள் தின்றுவிடலாம். திரும்பி வரும்போது பொதுவாக டெல்லியிலேயே குடியுரிமைச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்துச் சுங்கச் சோதனையைக் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். வயதானவர் தனியாக வருகிறார் என்றால் இது பெரிய சுமை.

டொராண்டோவில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பூர்வீகம் இலங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்புபவர்களுக்குக் கொழும்பு அருகேயுள்ள கட்டுநாயக்கா விமான நிலையம் வரை சாலையில் போவது ஒரு வழி. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறந்து வருவது இன்னொரு வழி. பலாலி–சென்னை தூரம் சுமார் 355 கிலோமீட்டர்தான். ஆனால் அது தனி டிக்கெட்டாக இருக்குமானால், படி 7-இல் சொல்லப்போகும் எச்சரிக்கை முழுக்கப் பொருந்தும்.

படி 5: கிலோமீட்டரை மணியாக மாற்றுங்கள்

நெடுந்தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் 0.85 மடங்கு அளவில் பறக்கின்றன. பதினோராயிரம் மீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 56 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு 1,062 கிலோமீட்டர். அதன் 0.85 மடங்கு சுமார் 900. பல கருவிகள் மணிக்கு 800 முதல் 900 என்று எடுத்துக்கொள்வதன் அடிப்படை இதுதான்.

900-ஆல் வகுங்கள். பிறகு 40 நிமிடம் கூட்டுங்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மெல்ல ஏறுவது, இறங்கும் முன் வரிசையில் வட்டமிடுவது எல்லாம் அதில் அடங்கும். சென்னை–லண்டன்: 8,230-ஐ 900-ஆல் வகுத்தால் 9 மணி 9 நிமிடம், 40 நிமிடம் சேர்த்தால் 9 மணி 50 நிமிடம். லண்டன்–டொராண்டோ: 6 மணி 20 நிமிடமும் 40 நிமிடமும் சேர்ந்து 7 மணி.

இப்போது விமான அட்டவணையைத் திறந்து பார்த்தால், சென்னையிலிருந்து லண்டனுக்கு 11 மணியை ஒட்டியும், அங்கிருந்து டொராண்டோவுக்கு 8 மணியை ஒட்டியும் போட்டிருப்பார்கள். இரண்டிலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதல். பிழை நம் கணக்கிலும் இல்லை, அவர்கள் அட்டவணையிலும் இல்லை. நாம் இன்னும் காற்றைச் சேர்க்கவில்லை.

படி 6: காற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

விமானங்கள் பறக்கும் உயரத்தில், நடு அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்று வீசுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் என்பது அதற்குச் சாதாரணம். குளிர்காலத்தில் 200-ஐயும் தாண்டும். ஆற்றில் படகு போவதைப் போலத்தான் இது. நீரோட்டத்தோடு போகும் படகோட்டிக்கும் எதிர்த்துப் போகும் படகோட்டிக்கும் துடுப்பின் வேகம் ஒன்றே. கரை நகரும் வேகம்தான் வேறு.

லண்டன்–டொராண்டோ மேற்கு நோக்கிய பயணம். சராசரியாக 100 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்தால், தரையை ஒப்பிட்ட வேகம் 800 ஆகிறது. வான்வழி 7 மணி 8 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னால் இருந்து தள்ளினால் வேகம் 1,000. நேரம் 5 மணி 43 நிமிடம். ஒரே பாதையில் போக வர ஒன்றரை மணி நேர வித்தியாசம். இதன் உச்சத்தை 2020 பிப்ரவரியில் உலகம் பார்த்தது: சியாரா புயலின் பின்காற்றைப் பிடித்துக்கொண்டு பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து ஹீத்ரோவுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது.

அட்லாண்டிக்கின் மேல் விமானங்கள் செல்லும் தடங்களையே காற்றைப் பார்த்து நாளுக்கு இருமுறை புதிதாக வகுக்கிறார்கள். பகலில் அமெரிக்கக் கண்டம் நோக்கிச் செல்பவற்றுக்கு எதிர்க்காற்றைத் தவிர்க்கும் தடங்கள். இரவில் ஐரோப்பா நோக்கி வருபவற்றுக்குக் காற்றில் ஏறிக்கொள்ளும் தடங்கள். நேற்று கிரீன்லாந்தின் தென்முனை அருகே போன விமானம் இன்று பல நூறு கிலோமீட்டர் தெற்கே போவது இதனால்தான்.

உங்கள் கணக்குக்கான விதி எளிது: மேற்கே போனால் ஆறேழு மணி நேரப் பயணத்துக்கு முக்கால் முதல் ஒரு மணி வரை கூட்டுங்கள், கிழக்கே வந்தால் கூட்ட வேண்டாம். வடக்கு–தெற்குப் பயணங்களில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. துல்லியம் வேண்டுமென்றால், ப்ளைட்ரேடார்24 அல்லது ஃப்ளைட்அவேர் தளத்தில் நீங்கள் ஏறப்போகும் விமானத்தின் எண்ணைத் தட்டி, கடந்த சில நாள்களில் அது உண்மையில் எடுத்த நேரத்தைப் பாருங்கள். அட்டவணையில் உள்ள நேரம் நிறுத்துமிடத்திலிருந்து நிறுத்துமிடம் வரையிலானது. தாமதத்துக்கென்று கொஞ்சம் இடமும் அதில் விட்டிருப்பார்கள். அரை மணி முன்னதாக இறங்கினால் வியப்படைய வேண்டாம்.

படி 7: இணைப்பு நேரம்

இரண்டு விமானங்களுக்கு இடையே எவ்வளவு நேரம் வேண்டும்? டிக்கெட் விற்கும் தளங்கள் 1 மணி 15 நிமிட இடைவெளியையும் தாராளமாகக் காட்டும். விதிப்படி அது செல்லக்கூடியதாகவும் இருக்கலாம். நான் யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஹீத்ரோவில் ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற பஸ் ஏற வேண்டும், மீண்டும் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க வேண்டும். முழங்கால் வலியோடு நடப்பவருக்கு 3 மணி நேரம் இருந்தால்தான் நிம்மதி. முன்கூட்டியே வீல்சேர் உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள்; வழிகாட்ட ஆள் கூடவே வருவார் என்பதே அதன் பெரிய பயன்.

இரு துண்டுகளும் ஒரே பதிவு எண்ணில் இருக்கட்டும். அப்படியிருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்த இழப்பு உங்களுடையது. பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டி வரலாம், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் விசாவும் தேவைப்படலாம். சென்னையில் பெட்டியைக் கொடுக்கும்போதே ஒட்டுச் சீட்டில் கடைசி ஊர் ஒய்.ஒய்.இசட். என்று இருக்கிறதா எனப் பாருங்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே போகாமல் மாறுவதற்குக்கூட இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சில நாடுகள் இடைவழி விசா கேட்கும். கனடா விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கும் தருவதுண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, எனவே அந்தந்த அரசின் தளத்தில் பயணத்துக்கு முன் சரிபாருங்கள்.

படி 8: எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவாருங்கள்

டிக்கெட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். அவற்றை அப்படியே கழித்தால் தவறான விடை வரும். எல்லாவற்றையும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டால் குழப்பமே இல்லை. இந்தியாவும் இலங்கையும் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. லண்டன் குளிர்காலத்தில் அதோடு சமம், கோடையில் 1 மணி முன்னே. டொராண்டோ குளிர்காலத்தில் 5 மணி பின்னே, கோடையில் 4 மணி பின்னே.

ஜனவரி மாதப் பயணம் ஒன்றைக் கற்பனையாக எழுதிப் பார்ப்போம். சென்னையில் காலை 5:30-க்குப் புறப்பாடு, யு.டி.சி.யில் அது சரியாக 00:00. லண்டனுக்கு 11 மணி நேரம். வந்து சேர்வது 11:00, அங்குள்ள கடிகாரத்திலும் 11:00. மூன்று மணி நேரம் காத்திருப்பு. 14:00-க்கு அடுத்த விமானம். 8 மணி நேரத்தில் டொராண்டோ, யு.டி.சி. 22:00. ஐந்தைக் கழித்தால் உள்ளூர் நேரம் மாலை 5 மணி. டிக்கெட்டில் காலை 5:30 புறப்பாடு, அதே நாள் மாலை 5:00 வருகை என்று அச்சாகியிருக்கும். பார்ப்பவருக்குப் பதினொன்றரை மணி நேரப் பயணம் போலத் தெரியும். உடம்பு அனுபவிப்பது 22 மணி நேரம்.

இந்த 22 என்ற எண் வெறும் கணக்கு அல்ல. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுத்துக்கொள்பவர்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை போட்டால், பத்தரை மணி நேர வித்தியாசத்தில் ஒரு வேளை தவறிப்போகும் அல்லது இரட்டிப்பாகும். கழிந்த மணிகளை வைத்து எப்போது எதை எடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுத் தாளில் எழுதி, மருந்தோடு கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள்.

கோடைக்கால நேரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கனடாவின் பெரும்பகுதி மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறன்று. பின்னே இழுப்பதில் பிரிட்டன் முந்திக்கொள்கிறது: அக்டோபர் கடைசி ஞாயிறு, கனடா நவம்பர் முதல் ஞாயிறு. இந்த இடைப்பட்ட வாரங்களில் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் வித்தியாசம் 5 அல்ல, 4 மணி. அந்த நாள்களில் பயணம் என்றால் கணக்கை மறுபடி போடுங்கள்.

அதைவிட அதிகம் பேர் விழும் குழி தேதியில் இருக்கிறது. சென்னையிலிருந்து செல்லும் பன்னாட்டு விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பின் கிளம்புபவை. 15-ஆம் தேதி 02:10 என்று டிக்கெட்டில் இருந்தால், 14-ஆம் தேதி இரவு 11 மணிக்கு நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். தேதிக்கு அருகில் கிழமையையும், ‘முந்தைய நாள் இரவு’ என்பதையும் சிவப்பு மையில் எழுதி வைத்துவிடுங்கள்.

படி 9: வீட்டிலிருந்து வீடு வரை

புறப்பாட்டுக்கு 3 மணி நேரம் முன்பு நிலையத்தில் இருக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து காரில் வருபவருக்கு அதற்கு முன்னால் ஆறேழு மணி நேரச் சாலை இருக்கிறது. டொராண்டோவில் இறங்கியபின் குடியுரிமைச் சோதனை, பெட்டி, சுங்கம் என்று ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். 22 மணி நேரப் பயணம், வாசற்படியிலிருந்து வாசற்படிக்கு 34 மணி நேரத்தை எட்டுவது இப்படித்தான். வந்த அன்றே விருந்து, மறுநாள் நயாகரா என்று திட்டம் போட்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்த எண்ணை முன்கூட்டியே அனுப்புங்கள்.

படி 10: திரும்பும் பயணத்துக்குத் தனிக் கணக்கு

போன நேரத்தையே திரும்பவும் எழுதக் கூடாது. காற்று இப்போது உங்கள் பக்கம், கடிகாரம் எதிர்ப்பக்கம். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு டொராண்டோவில் ஏறினால் யு.டி.சி. 23:00. ஏழு மணி நேரத்தில் லண்டன், சனிக்கிழமை காலை 6:00. ஆறரை மணி நேரக் காத்திருப்பு என்று வைத்தால் 12:30-க்குப் புறப்பாடு. பத்தே கால் மணி நேரத்தில் யு.டி.சி. 22:45. ஐந்தரை மணி சேர்த்தால் சென்னையில் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4:15. வெள்ளி மாலை கிளம்பியவர் ஞாயிறு காலை வருகிறார். இடையில் சனிக்கிழமை முழுவதும் வானத்திலும் லண்டன் நாற்காலியிலும் போய்விடும். கழிந்தது 23 மணி 45 நிமிடம். திங்களன்று வேலைக்குப் போக வேண்டியவர் வியாழனே கிளம்புவது நல்லது.

அழைத்துப்போக வருபவருக்கு ‘சனிக்கிழமை இரவு’ என்று சொல்லாதீர்கள். விமான எண், ‘ஞாயிறு அதிகாலை 4:15, இந்திய நேரம்’, வந்திறங்கும் முனையம் என மூன்றையும் ஒரே செய்தியில் அனுப்பிவிடுங்கள். டொராண்டோ பியர்சனில் பயணிகள் முனையங்கள் 1, 3 என இரண்டு. அங்கே வருபவருக்கும் எண்ணைச் சொல்லிவிட வேண்டும். விமானம் லண்டனைவிட்டுக் கிளம்பியதும் விமான எண்ணை ப்ளைட்ரேடாரில் தட்டினால் வந்து சேரும் நேரம் புதுப்பிக்கப்பட்டிருக்கும். சென்னையில் இருப்பவர் அதைப் பார்த்து வீட்டைவிட்டுக் கிளம்பினால் போதும்.